தைராய்டு பரிசோதனையும் நிதானமும்

ரத்தப் பரிசோதனையின் முடிவு வைத்தியரின் கைக்கு வருமுன்பே நோயாளியின் கைபேசிக்கு வந்துவிடுகிற காலம் இது. காலையில் லேப்பில் ரத்தம் கொடுத்தவர், மாலைக்குள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த ரிப்போர்ட்டைத் திறந்து, டி.எஸ்.எச். என்பதற்கு எதிரே தடித்த எழுத்தில் 6.2 என்றோ 7.1 என்றோ அச்சாகியிருப்பதைக் கண்ட மாத்திரத்தில், தமக்கு ஒரு வியாதி வந்துவிட்டதென்றும், இனி ஆயுள் பரியந்தம் காலை எழுந்தவுடன் ஒரு மாத்திரை விழுங்க வேண்டியதுதான் என்றும் தீர்மானித்துக்கொள்கிறார். அந்தத் தீர்மானத்தை மறுபரிசீலனை இன்றி ஊர்ஜிதம் செய்துவிடும் வைத்தியர்களும் சிலர் இருக்கிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டதோ என்ற சந்தேகம் எழும்போது செய்யப்படும் இந்தப் பரிசோதனைகள் நவீன மருத்துவத்தின் மிகச் சிறந்த சாதனங்களில் சேர்ந்தவை. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்த எண் எந்த வயதினருடையது, எந்த வேளையில், எந்தச் சரீர நிலையில் எடுக்கப்பட்டது என்று கேளாமல், அதையே தீர்ப்பாக வாசிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகிறதே, அதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

எண்கள் வருவதற்கு முன்பு இந்நோயை வைத்தியர்கள் முகத்தைப் பார்த்தே அறிந்தார்கள். 1873-ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் கல் என்ற கீர்த்தி பெற்ற வைத்தியர், நடுவயதுப் பெண்கள் சிலருக்கு முகம் உப்பி, நாக்குத் தடித்து, குரல் மாறி, சித்தமும் சரீரமும் ஒருசேர மந்தமாகிப்போகும் விசித்திர நிலையை வர்ணித்தார். கழுத்தின் முன்புறத்தில் மூச்சுக்குழாயைத் தழுவிக் கிடக்கும் ஒரு சிறு சுரப்பியின் க்ஷீணமே அதற்குக் காரணம் என்பது நிச்சயப்படப் பின்னும் பல ஆண்டுகள் பிடித்தன. 1891-ல் நியூகாஸிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாரத்தை இந்நோய் முற்றிய 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். அவர் தேறி எழுந்தது மட்டுமல்ல, அந்தச் சாரத்தின் துணையோடு 1919 வரை, தம் 74-ஆம் வயது வரை வாழ்ந்தார். அவர் ஒருவருக்காக எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின என்று கணக்குச் சொல்கிறார்கள். முகத்தின் உப்பல் வடிவதையும், பேச்சு தெளிவதையும், நடை விரைவதையும் கண்ணால் கண்டு, அதைக் கொண்டே மருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வந்தார்கள் என்பதை இன்று நினைத்துப் பார்க்கையில் ஒருபுறம் பிரமிப்பாகவும் மறுபுறம் அச்சமாகவும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நோயாளியைப் பட்டினியோடு படுக்கவைத்து அவர் உட்கொள்ளும் பிராணவாயுவை அளந்து பார்த்தார்கள். குதிகாலின் மேல் தசைநாணைச் சுத்தியலால் தட்டி, பாதம் எவ்வளவு சாவகாசமாக மீள்கிறது என்று கவனித்தார்கள். ரத்தத்தில் அணுவளவாகக் கலந்திருக்கும் ஹார்மோன்களை அளக்கும் வித்தையை நியூயார்க்கில் ஸாலமன் பெர்ஸனும் ராஸலின் யாலோவும் கண்டறிந்த பிறகுதான், 1965-ஐ ஒட்டி, டி.எஸ்.எச். அளவிடத்தக்க பொருளாயிற்று. பெர்ஸன் 1972-ல் காலமாகிவிட, யாலோ மட்டும் 1977-ல் நோபல் பரிசு பெற்றார். முகத்தில் லட்சணங்கள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே சுரப்பியின் தளர்ச்சியைக் கண்டுகொள்ளும் சக்தி அன்று நமக்கு வாய்த்தது. நோயல்லாத ஒன்றை நோயென்று எண்ணிவிடும் சாத்தியமும் அன்றே அதனோடு கூடப் பிறந்தது.

இந்த எண் எதை அளக்கிறது என்பதில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் பொருளே அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் ஆணை அது. தைராய்டு சுரப்பது பெரும்பாலும் டி-4 என்ற தைராக்ஸின், சிறிதளவே டி-3. சரீரத்தின் பல உறுப்புகள் தங்களுக்கு வேண்டிய டி-3-ஐ டி-4-லிருந்து தாங்களே ஆக்கிக்கொள்கின்றன. கட்டட வேலையில் சித்தாளின் கை சற்றே தளர்ந்ததும் மேஸ்திரியின் குரல் பல மடங்கு உயர்வதுபோல, ரத்தத்தில் டி-4 கொஞ்சம் இறங்கினாலே டி.எஸ்.எச். மிக அதிகமாக ஏறுகிறது. டி-4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு உயரக்கூடும். ஆகவேதான் சந்தேகம் தோன்றியதும் முதலில் மேஸ்திரியின் குரலைக் கேட்பது உசிதமாகிறது. ஆனால் குரல் உயர்ந்த மாத்திரத்தில் வேலை நின்றுபோயிற்று என்று அர்த்தமாகாது. அதற்கு டி-4 எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதிலும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து எண்ணும் மொத்த டி-4-ஐ விட, ஒட்டாமல் தனித்து உலவும் ஃப்ரீ டி-4 என்ற அளவே நம்பத்தக்கது; ஏனெனில் கர்ப்பிணிகளிடமும் கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களிடமும் அந்தப் புரதங்கள் பெருகுவதால் மொத்த அளவு பெருகித் தோன்றும்.

அடுத்து, ரிப்போர்ட்டின் ஓரத்தில் 0.4 முதல் 4 வரை என்றோ 4.5 வரை என்றோ அச்சிட்டிருக்கும் எல்லை. சாமான்ய வாசகர் அதை ஆரோக்கியத்திற்கும் ரோகத்திற்கும் இடையே கட்டிய மதில் என்று கொள்கிறார். உண்மையில், நோயற்றவர்கள் எனத் தேர்ந்தெடுத்த பலரின் ரத்தத்தை அளந்து, அவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதத்தினர் எந்த எண்களுக்குள் அடங்குகிறார்களோ அந்த எண்களையே எல்லை என்று வைத்திருக்கிறார்கள். அப்படியானால் நோயே இல்லாத நூறு பேரில் இரண்டு மூன்று பேர் மேல் எல்லையைத் தாண்டித்தான் இருப்பார்கள் என்பது அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த தேசிய ஆய்வில் இந்த மேல் எல்லை 4.12 என்று வந்தது. ஆனால் அதே ஆய்வின் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, எண்பது வயதைக் கடந்தவர்களின் மேல் எல்லை ஏறத்தாழ 7.5 ஆக இருந்தது. இருபத்தைந்து வயதுப் பேத்திக்கும் எண்பத்திரண்டு வயதுப் பாட்டிக்கும் ஒரே எல்லையை அச்சிட்டு, பாட்டியின் 6.3-க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியிடும் லேப் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எனினும் அந்தக் குறியைப் பார்த்துப் பாட்டிக்கு மாத்திரை எழுதுவது, அளவு மீறினால் நெஞ்சுப் படபடப்பையும் எலும்புத் தேய்மானத்தையும் கொண்டுவரக்கூடிய ஒரு மருந்தை அவசியமின்றி அவர் தலையில் கட்டுவதாக முடியலாம்.

ஒரே மனிதரிடத்திலும் இந்த எண் நிலையாக நிற்பதில்லை. நள்ளிரவுக்குப் பின் உச்சத்தில் இருந்து, காலையில் இறங்கத் தொடங்கி, பிற்பகலில் தாழ்ந்துவிடுவது அதன் சுபாவம். காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் 5 காட்டிய ஒருவருக்குப் பிற்பகலில் 3.5 காட்டினால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கடும் காய்ச்சலோ நிமோனியாவோ வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவருக்கு, உடல் தேறிவரும் வாரங்களில் டி.எஸ்.எச். தற்காலிகமாக உயரும். மனநோய்க்குத் தரும் லித்தியமும், இருதயத் துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோனும் சுரப்பியைத் தடுமாறச் செய்யும். உடல் பருத்தவர்களிடம் எண் சற்று ஏறியிருப்பதும், எடை குறைந்ததும் தானே இறங்குவதும் உண்டு. எடை ஏறியதற்குத் தைராய்டுதான் காரணம் என்று சொல்லப்படும் பல சந்தர்ப்பங்களில் காரணமும் காரியமும் இடம் மாறியிருக்கின்றன. போதாக்குறைக்கு, ஒரு நிறுவனத்தின் கருவியும் மற்றொன்றின் கருவியும் ஒரே ரத்தத்தில் ஒரே விடையைத் தருவதில்லை. ஆகையால் முதல் எண் சற்றே மிகுந்திருந்தால், ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை பொறுத்து, அதே லேப்பில், அதே காலை வேளையில், ஃப்ரீ டி-4-உம் சேர்த்து மறுபடி பார்ப்பதே விவேகம். 2007-ல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வு லட்சக்கணக்கானோரின் மருத்துவப் பதிவுகளைப் பரிசீலித்தது, முதலில் 5.5-க்கும் 10-க்கும் இடையே எண் காட்டி, மருந்து எடுத்துக்கொள்ளாதிருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் அது இயல்புக்குத் திரும்பியிருந்தது.

டி.எஸ்.எச். நன்றாக ஏறி, ஃப்ரீ டி-4 எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தால் விவாதத்திற்கு இடமில்லை. அவருக்கு மாத்திரை வேண்டும், தாமதியாமல் வேண்டும். டி-4 சரியாக இருந்தும் டி.எஸ்.எச். 10-க்கு மேல் இரண்டு முறை காட்டினாலும் சிகிச்சை தொடங்குவதே பெரும்பாலான வைத்தியர்களின் அபிப்பிராயம். சச்சரவெல்லாம் 4-க்கும் 10-க்கும் இடைப்பட்ட பிரதேசத்தில்தான். அங்கே வழிகாட்டுவதற்கு இன்னொரு பரிசோதனை உண்டு: சரீரம் தன் தைராய்டையே பகையாகக் கருதித் தாக்குகிறதா என்று காட்டும் டி.பி.ஓ. எதிர்ப்புப் பொருள். 1912-ல் ஹகரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் நான்கு பெண்களின் சுரப்பிகளை நுண்ணோக்கியில் வைத்து வர்ணித்த நோயின் அடையாளம் அது. இங்கிலாந்தின் வடபகுதியில் விக்கம் என்ற இடத்தில் 1970-களின் தொடக்கத்தில் பரிசோதிக்கப்பட்ட ஜனங்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், டி.எஸ்.எச். உயர்வும் இந்த எதிர்ப்புப் பொருளும் சேர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேலாக முழு நோய்க்கு ஆளானார்கள், டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்திருந்தவர்களில் இரண்டரைப் பேர் அளவிலேயே ஆளானார்கள். இரண்டும் இருப்பவரை ஆண்டுதோறும் அழைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது போதிய ஆதாரம். ஒரு முறை எதிர்ப்புப் பொருள் இருப்பதாகத் தெரிந்த பின், அதன் அளவு ஏறிற்றா இறங்கிற்றா என்று மாதந்தோறும் பணம் செலவழித்துப் பார்ப்பதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை.

மாத்திரை கொடுத்தால் களைப்பாவது நீங்குமா என்றால், 2017-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்று இதற்கு நேரான விடை தந்தது. லேசான உயர்வுள்ள, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரில் ஒரு பாதியினருக்குத் தைராக்ஸினும் மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும், யாருக்கு எது என்று தெரியாத வகையில், ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். எண் அழகாக இறங்கிற்று. களைப்பு இரு சாராரிடமும் ஒரே மாதிரிதான் இருந்தது. இளவயதினருக்கும், கருத்தரிக்க விரும்பும் பெண்களுக்கும், கழுத்தில் கழலை கண்டவர்களுக்கும் இந்த முடிவை அப்படியே பொருத்திவிடக் கூடாது என்பது உண்மை. ஆனாலும் எண்ணைச் சரிசெய்வதும் ஆளைச் சரிசெய்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டுவதில்லை.

இந்த விஷயம் நம் நாட்டில் அதிக முக்கியத்துவம் பெறுவதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு மந்தம் இருப்பதாகக் கண்டது. அது சிறிய தொகையல்ல. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள். களைப்பு, மூச்சுவாங்கல், முடி கொட்டுதல், எதிலும் மனம் பொருந்தாமை ஆகியவை இரண்டு நோய்க்கும் பொது. அப்படியிருக்க, சோர்ந்து வரும் ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபினைப் பாராமல் தைராய்டை மட்டும் பார்த்து, 5.4 என்ற எண்ணைக் கண்டு, இதோ அகப்பட்டது காரணம் என்று பரிசோதனையை அத்தோடு நிறுத்திவிடுவது, அவளுடைய மெய்யான நோயை அப்படியே விட்டுவிடுவதாகும்.

லேப்கள் விற்கும் 'தைராய்டு புரொஃபைல்' பற்றியும் ஒரு வார்த்தை. டி-3, டி-4, டி.எஸ்.எச். மூன்றையும் ஒரு கட்டாகக் கட்டி, முழு உடல் பரிசோதனை என்ற இன்னும் பெரிய கட்டுக்குள் வைத்து, சலுகை விலையில் தருகிறார்கள். சுரப்பி மந்தமாகும்போது டி-3 கடைசியாகத்தான் இறங்கும். நோய் நன்றாக முற்றியவர்களிடத்தும் அது இயல்பாக இருக்கக்கூடும். ஆகவே மந்தத்தைக் கண்டுபிடிக்க அது அநேகமாக உதவாது. சுரப்பி மிகையாக வேலை செய்யும் எதிர்நோயில்தான் அதற்கு உபயோகம். டி.எஸ்.எச். ஒன்றைப் பார்த்து, அது எல்லை கடந்திருந்தால் மட்டும் அதே ரத்தத்தில் ஃப்ரீ டி-4 பார்க்கும் முறையே ஜனங்களின் பணத்துக்கும் அறிவுக்கும் ஏற்றது என்பது என் திடமான அபிப்பிராயம்.

எண் பொய்யாகப் பயமுறுத்துவதைப் போலவே, பொய்யாக ஆறுதல் சொல்வதும் உண்டு. இது அரிது, ஆனால் அபாயம் மிகுந்தது. மேஸ்திரியே நோயில் விழுந்துவிட்டால் குரல் எழாதல்லவா? பிட்யூட்டரி பழுதுபட்டவர்களுக்கு டி-4 வற்றிக்கிடக்க, டி.எஸ்.எச். மட்டும் குற்றமற்றதாகத் தோன்றும். பிரசவத்தில் மிகுந்த ரத்தப்போக்கு ஏற்பட்டதனால் பிட்யூட்டரி நசித்துப்போகும் நிலையை 1937-ல் ஹரால்டு ஷீஹன் விவரித்தார்; பால் சுரக்காமலும், மாதவிலக்குத் திரும்பாமலும், ஆண்டுக்கணக்காகச் சோர்ந்து கிடக்கும் ஒரு தாயிடம் டி.எஸ்.எச். மட்டும் பார்த்துவிட்டு, தைராய்டு நன்றாயிருக்கிறது என்று அனுப்பிவிடுவது பெரும் பிழை. அவளுக்கு ஃப்ரீ டி-4-உம் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் பார்த்தாக வேண்டும்; கார்ட்டிசால் குறைவை முதலில் ஈடுசெய்யாமல் தைராக்ஸின் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொரு பொய்ச் சாட்சி பயோட்டின். முடி கொட்டுகிறதென்று மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளில் மிகுதியாக இருக்கும் இந்த வைட்டமின், சில கருவிகளின் ரசாயனத்தில் குறுக்கிட்டு, டி.எஸ்.எச்.-ஐத் தாழ்த்தியும் டி-4-ஐ உயர்த்தியும் காட்டிவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ல் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. தைராய்டு மந்தத்தால் முடி கொட்டும் பெண்ணுக்கு, அந்த முடிக்காக உண்ட மாத்திரையாலேயே தன் மந்தம் தெரியாமல் போகும் விபரீதம் நேரக்கூடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னதாக அதை நிறுத்திவிட்டால் போதும்.

கர்ப்பிணிகளின் கணக்கு வேறு. முதல் மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடியின் ஹார்மோன் தைராய்டைத் தூண்டுவதால் டி.எஸ்.எச். இயல்பாகவே இறங்கும். அதன் மேல் எல்லை 2.5 என்று 2011-ல் அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொன்னது. அந்தக் கட்டுப்பாடு மிகையென்று உணர்ந்து, அந்தந்த ஜனசமூகத்துக்குரிய எல்லையைப் பின்பற்றுங்கள், அது இல்லாவிடில் ஏறத்தாழ 4 என்று கொள்ளுங்கள் என்று 2017-ல் திருத்திக்கொண்டது. ஏற்கெனவே மாத்திரை உண்பவள் கருவுற்றது தெரிந்தவுடன், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல், வைத்தியரிடம் போக வேண்டும். பெரும்பாலும் அளவைக் கூட்ட நேரும்.

மாத்திரை தொடங்கியவர்கள் இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுத்து, எண் இறங்கவில்லையே என்று வருந்துவது வீண். தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் பிடிக்கும். ஆறு முதல் எட்டு வாரம் கழிந்தால்தான் எண் தன் இடத்தில் அமரும். அப்படியும் அது இறங்காவிட்டால், அளவைக் கூட்டுவதற்கு முன், மாத்திரையை எதனோடு விழுங்குகிறார் என்று கேட்பது நல்லது. காபியும் மாத்திரையும் அடுத்தடுத்து உள்ளே போகிற வீட்டில் மருந்தின் ஒரு பகுதி ரத்தத்தில் சேராமலே போகிறது. மாத்திரைக்குப் பின் அரைமணி முதல் ஒருமணி நேரம் காபி காத்திருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் நான்கு மணி நேரம் தள்ளியே வரவேண்டும். பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை உண்பது முறை.

இதுவரை பொறுமையைப் பற்றியே பேசினேன். பொறுமை அறவே ஆகாத இடம் ஒன்று உண்டு. அது பிறந்த குழந்தை. தைராய்டு இல்லாமலோ மந்தமாகவோ பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிறக்கும்போது மற்றக் குழந்தைகளைப் போலவே தோன்றுவார்கள்; முகத்தைப் பார்த்து அறியும் பழைய வித்தை அங்கே பலிக்காது. லட்சணங்கள் தெரியவரும் மாதங்களில் மூளையின் வளர்ச்சி குன்றிவிட்டிருக்கும். பின்னர் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் இழந்தது முழுவதும் மீளாது. பிறந்து 48 மணி நேரத்திற்குப் பின், குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்து, இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால், குழந்தை மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1974-ஐ ஒட்டி ஜான் டுஸோ தொடங்கிவைத்த முறை இது. செல்வ நாடுகளில் இன்று பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய அனைவருக்கும் செய்யப்படுகிறது. நம் நாட்டில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில், மேல்நாடுகளை விட அதிகமாகவே இந்நோய் காணப்படுகிறது. எனினும் எல்லா மாநிலங்களிலும் எல்லாப் பிரசவங்களிலும் இப்பரிசோதனை நடப்பதாக இன்னும் சொல்ல முடியாது. வயது வந்தவர்களுக்குப் பயனற்ற டி-3-க்காக நாம் செலவழிக்கும் தொகையில் ஒரு பங்கு இதற்குப் போதும். அரசு இதைப் பிரசவம் நடக்கும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் கட்டாயமாக்க வேண்டும். அதுவரையில், தாயையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கும் தகப்பனோ பாட்டியோ, பில் கட்டுவதற்கு முன், குழந்தைக்குத் தைராய்டு பார்த்தாயிற்றா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.